இலங்கையின் 1948: ஒரு கொடியைத் தேடி

1948 ஜூலை 31. லண்டன் வெம்பிளி அரங்கில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ராய் காக்ரன் 51.1 விநாடியில் முதலில் வந்தார். 51.8 விநாடியில் அவருக்கு அடுத்து வந்தவர் டங்கன் வைட். களுத்துறைப் பக்கத்தில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த, முப்பது வயதுப் பறங்கியர். இலங்கை ஒலிம்பிக்கில் கால்வைத்த முதல் ஆண்டு அது. சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட நிறையாத நாட்டுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த பதக்கத்துக்கு அந்த நாடு 2000ஆம் ஆண்டில் சுசந்திகா ஜயசிங்க ஓடும்வரை 52 ஆண்டுகள் காத்திருந்தது.

ஒலிம்பிக் மரபுப்படி வென்ற மூவரின் நாட்டுக் கொடிகளும் மேலே ஏறும். அன்று இலங்கைக்குரிய கொடி எது? இன்று நாம் அறிந்த, பச்சைப் பட்டையும் காவிப் பட்டையும் கொண்ட கொடி அன்று பிறந்திருக்கவில்லை. இந்தச் சிறிய கேள்விதான் என்னை 1948ஆம் ஆண்டின் ஏடுகளுக்குள் இழுத்துச் சென்றது. விளையாட்டு ஏடுகள் விநாடிகளை எழுதிவைக்கும். கொடியின் உருவத்தை எழுதிவைப்பது நாடாளுமன்றம். எனவே தேடலை அங்கிருந்து தொடங்கினேன்.

ஒரு தீர்மானமும் ஒரு குழுவும்

முதல் தடயம் 1948 ஜனவரி 16இல் கிடைக்கிறது. சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1815ஆம் ஆண்டு கண்டி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வாளேந்திய சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்பது அதன் சாரம். சிங்கக் கொடிக்காகச் சபையில் எழுந்து நின்றவர் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த, தமிழ் பேசும் முஸ்லிம் உறுப்பினர். பின்னாளில் இந்தக் கொடியைச் சுற்றி எழுந்த வாதங்களை மட்டும் படித்தவர்கள் அறியாமலே போகும் செய்தி இது.

எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஓர் அரச வம்சத்தின் சின்னம் எல்லா மக்களுக்கும் பொதுவாகுமா என்ற கேள்வி எழுந்தது. ஜனவரி 28இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க ஒரு குழுவை அமைத்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதன் தலைவர். ஜே. ஆர். ஜயவர்தன, ஜோன் கொத்தலாவல, டி. பி. ஜாயா, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் போன்றோர் உறுப்பினர்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான செயலாளர்.

அந்தக் குழு அவசரப்படவில்லை. 1950 பிப்ரவரியில்தான் அது தன் முடிவைச் சொன்னது: சிங்கக் கொடி இருக்கட்டும், தமிழரைக் குறிக்க ஒரு காவிப் பட்டையும் முஸ்லிம்களைக் குறிக்க ஒரு பச்சைப் பட்டையும் அதோடு சேரட்டும். நடேசன் அதற்கு இணங்கவில்லை. 1951 மார்ச் 2இல் நாடாளுமன்றம் அந்தக் கொடியை ஏற்றது. கண்டி அரசு பிரிட்டிஷார் கைக்குப் போன ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு மார்ச் 2ஆம் தேதிதான், 1815இல்.

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. டங்கன் வைட் ஓடிய நாளில் பட்டைகள் இல்லை. குழுவின் முடிவும் இல்லை. சுதந்திர விழாவில் ஏற்றப்பட்ட பழைய சிங்கக் கொடியே அந்த இடைக்காலத்தின் கொடி. இலங்கை தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்றபோது அதன் கொடி இன்னும் ஒரு குழுவின் மேசையில் விவாதத்தில் இருந்தது.

செல்சியும் வேலூரும்

அந்தப் பழைய கொடியின் வடிவத்தை எப்படி அறிந்தார்கள்? இங்கே எனக்கு முன்னால் தேடிப் போன இன்னொரு ஆய்வாளரின் தடம் தெரிகிறது. 1915இல் கண்டி அரசு வீழ்ந்து நூறாண்டு நிறைந்தது. வழக்கறிஞரான ஈ. டபிள்யூ. பெரேரா, பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தனவின் துணையோடு, லண்டன் செல்சியில் உள்ள அரச மருத்துவமனையில் மன்னனின் கொடியைக் கண்டுபிடித்தார். பழைய படைவீரர்களுக்கான அந்த இல்லத்தில் அது போர்க்கொள்ளையாகக் கிடந்தது. அதன் படம் 'தினமின' இதழில் வெளியானது. அடுத்த ஆண்டு பெரேரா சிங்களக் கொடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூறு ஆண்டு யாரும் பாராத ஒரு துணியை ஓர் ஆய்வாளர் தேடி எடுத்திராவிட்டால் சின்னலெப்பையின் தீர்மானத்துக்கு உருவமே இருந்திராது.

கொடிக்கு உரிய மன்னன் என்ன ஆனான்? ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிறப்பால் கண்ணுசாமி. தென்னிந்திய நாயக்கர் மரபினன். 1815இல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டான். 1832 ஜனவரி 30இல் சிறையிருப்பிலேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரைப் பக்கம் அவனுடைய கல்லறை இருக்கிறது. தமிழ்நாடு அரசு கட்டிய முத்து மண்டபம் அதற்கு நிழல் தருகிறது. இலங்கை தன் சுதந்திரச் சின்னமாகத் தேர்ந்த கொடியின் கடைசி உரிமையாளன், தென்னிந்தியாவிலிருந்து வந்த வம்சத்தில் பிறந்து தமிழ் மண்ணில் முடிந்தவன். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 1948ஆம் ஆண்டின் மீதிப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஏனென்றால் அந்தப் பக்கங்களில் 'இந்திய வம்சாவளி' என்ற சொல் வேறொரு பொருளில் வருகிறது.

இரண்டு பாட்டுகள்

கொடியைத் தேடியவன் பாட்டையும் தேட வேண்டியதாயிற்று. 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கைக்கு எது நாட்டுப்பண்? சட்டப்படி விடை எளிது: பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் பாட்டுத்தான். ஆனால் அதற்கு முன்பே லங்கா கந்தர்வ சபை நாட்டுப்பண்ணுக்காக ஒரு போட்டி நடத்தியிருந்தது. பி. பி. இலங்கசிங்கவும் லயனல் எதிரிசிங்கவும் உருவாக்கிய பாட்டு வென்றது. அவ்விருவரும் தேர்வுக் குழுவிலும் இருந்ததால் சர்ச்சை கிளம்பியது. சுதந்திர நாள் காலையில் வானொலியில் அது ஒலித்தது; அரசு விழாவில் பாடப்படவில்லை.

அதே போட்டிக்கு இன்னொரு பாட்டும் வந்திருந்தது. சாந்திநிகேதனில் பயின்ற ஆனந்த சமரக்கோன் 1940இல் எழுதிய 'நமோ நமோ மாதா'. மகனைப் பறிகொடுத்த துயரத்தில் அவர் இந்தியாவுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவியும் ஒரு நண்பரும் பாட்டை அனுப்பிவைத்தார்கள். தோற்ற அந்தப் பாட்டை மக்கள் பாடத் தொடங்கினார்கள். 1949 பிப்ரவரி 4இல் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்தில் நடந்த முதல் சுதந்திர நினைவு விழாவில் சிங்களத்திலும் தமிழிலும் பாட்டு ஒலித்தது. தமிழ் வடிவம் புலவர் மு. நல்லதம்பியுடையது. 1951 நவம்பர் 22இல்தான் 'நமோ நமோ மாதா' முறைப்படி நாட்டுப்பண் ஆனது. மீண்டும் அரசின் சுதந்திர விழாவில் அதன் தமிழ் வடிவம் பாடப்பட 2016 வரை ஆயிற்று.

கொடிக்கு மூன்று ஆண்டு, பாட்டுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டு. ஒரு புதிய நாடு தன் சின்னங்களை நிதானமாக, குழு வைத்து, எதிர்ப்பைக் கேட்டு, திருத்தி முடிவு செய்தது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

பொரளையில் ஒரு சனிக்கிழமை

1948இன் முற்பகுதியில் நாடு எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது என்பதற்கு விளையாட்டுப் பக்கங்களே சாட்சி. மார்ச் 27 அன்று, இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டான் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆட்டம் ஆடியது. அந்தப் பயணத்தில்தான் அவர்கள் இங்கிலாந்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல் வெல்ல முடியாத அணி என்று பெயர் வாங்கினார்கள். ஆட்டம் நடந்த கொழும்பு ஓவல், பொரளையில் உள்ள தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம். அதை உருவாக்கிய பி. சரவணமுத்துவின் பெயரைத்தான் அது பின்னர் தாங்கியது. 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டியும் அங்கேயே நடந்தது.

அன்று இலங்கை அணித் தலைவர் மகாதேவன் சதாசிவம். முந்தைய ஆண்டு சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம் குவித்தவர். ஆஸ்திரேலியா 8 விக்கெட்டுக்கு 184, பிராட்மன் 20. இலங்கை 2 விக்கெட்டுக்கு 46 எடுத்திருந்தபோது மழை வந்து ஆட்டம் நின்றது. பிற்பாடு அளந்து பார்த்ததில், 22 கஜம் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 கஜமே இருந்தது தெரியவந்தது.

ஒரு தமிழர் தலைமையில், ஒரு தமிழ்க் கழகத்தின் மைதானத்தில், எல்லா இனத்து வீரர்களும் சேர்ந்த அணி, உலகின் தலைசிறந்த அணியோடு ஆடியது. முந்தைய ஆண்டு வெளியான முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், அவரும் தமிழர். படம் உருவானதும் தமிழ்நாட்டில்தான். கொழும்பு ஆட்டத்துக்கு நான்கு மாதம் கழித்து ஒரு பறங்கியர் வெம்பிளியில் பதக்கம் வாங்கினார். இந்தப் பக்கங்களில் தெரியும் இலங்கை ஒரு பெரிய வீடு.

ஆகஸ்ட்

டங்கன் வைட் ஓடி நான்கு நாள் கழிந்தது. ஆகஸ்ட் 4 அன்று பிரதமர் சேனநாயக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவை வைத்தார்: இலங்கைக் குடியுரிமை மசோதா. கொடியைத் தேடி நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் புரட்டியவனுக்கு இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் தனித்தனி அலமாரிகளில் இருந்த மூன்று வகை ஏடுகளை ஒரே நாட்காட்டியில் எழுதத் தொடங்கினேன்: சபை நடவடிக்கை, உலகச் செய்தி, விளையாட்டு.

ஆகஸ்ட் 14: லண்டன் ஓவலில் பிராட்மன் தன் கடைசி டெஸ்டில் ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தார். ஆகஸ்ட் 18: ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இலங்கையின் உறுப்புரிமை விண்ணப்பத்தைச் சோவியத் யூனியன் வீட்டோவால் தடுத்தது. பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் தளங்களுக்கு இடம் கொடுத்திருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடுதானா என்பது அவர்கள் எழுப்பிய ஐயம். 1955 டிசம்பர் வரை இலங்கை ஐ.நா.வுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. ஆகஸ்ட் 19: குடியுரிமை மசோதாவின் இரண்டாம் வாசிப்பு. ஆகஸ்ட் 20: மசோதா நிறைவேறியது. நவம்பர் 15இல் சட்டமாயிற்று.

மசோதா சபைக்கு வந்ததற்கும் நிறைவேறியதற்கும் இடையே பதினாறு நாள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் என்ன சொன்னது? இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டவும் வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, லயத்திலேயே இறந்த ஒருவருடைய தகப்பனின் பிறப்புக்குக் காகிதம் எங்கே இருக்கும்? கங்காணியின் கணக்கில் ஆள் எண்ணிக்கை இருந்தது. வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் தினமும் பெயர் கூப்பிடப்பட்டது. அவை கூலிக்கான பதிவுகள். குடியுரிமைக்கு அவை செல்லவில்லை.

இந்தச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு வாசகரும் அறிய வேண்டும். ஒன்று: நாட்டுக்குச் சிறப்பான பொதுச்சேவை செய்தவர்கள், தொழிலிலும் வணிகத்திலும் வேளாண்மையிலும் மேம்பட்டவர்கள் ஆகியோரைப் பதிவுசெய்து குடியுரிமை தரலாம், ஆனால் ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் இல்லை. இன்னொன்று: பெற்றோர் யாரென்றே தெரியாமல், கைவிடப்பட்ட நிலையில் இலங்கையில் கண்டெடுக்கப்பட்ட சிசு, மாறாக நிரூபிக்கப்படும்வரை வம்சாவளிக் குடியுரிமை உடையதாகவே கருதப்படும். மனிதத்தன்மையுள்ள பிரிவு அது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதற்கு அருகில் இன்னொரு சிசுவை வைத்துப் பாருங்கள். தாய் யார், தகப்பன் யார், எந்தத் தோட்டம், எந்த லயம், எல்லாம் தெரிந்த குழந்தை. தகப்பன் இந்தியாவில் பிறந்தவன் என்பதும் தெரியும். தெரிந்த காரணத்தாலேயே அந்தக் குழந்தை நாடற்றதாயிற்று.

1946 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்ட, பெரும்பாலும் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். இலங்கைத் தமிழர் என்று எழுதப்பட்டவர்களைவிட அவர்கள் அதிகம். 1931இல் வந்த வயதுவந்தோர் வாக்குரிமையில் அவர்களில் பலர் வாக்களித்திருந்தார்கள். 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர்கள் சபைக்கு வந்திருந்தார்கள். பல தொகுதிகளில் அந்த வாக்குகள் இடதுசாரிகளுக்கும் துணையாக இருந்தன. சபையில் அந்த எண்ணிக்கை ஆட்சியாளருக்கு அச்சமாக இருந்தது. அந்த அச்சம் சட்டமாயிற்று. இடதுசாரிச் சிங்கள உறுப்பினர்களும் சிறுபான்மைப் பிரதிநிதிகளும் எதிர்த்துப் பேசினார்கள். எண்ணிக்கை வென்றது.

1949இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியைக் கடும் நிபந்தனைகளோடு திறந்தது. மற்றது குடியுரிமை இல்லாதவரின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த பொதுத்தேர்தலில் மலையகத்தின் குரல் சபையில் இல்லை. கொடிக் குழுவில் இருந்த தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அரசில் அமைச்சராகச் சேர்ந்ததை ஏற்காமல் அவருடைய கட்சித் தோழர் செல்வநாயகம் பிரிந்தார். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. பின்வந்த பல பத்தாண்டுகளின் அரசியல் அங்கே விதைக்கப்பட்டது.

பதினாறு நாளின் நீளம்

அந்தப் பதினாறு நாள் எவ்வளவு நீண்டது என்பதை ஒப்பந்தங்களின் வரிசையில் காணலாம். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 மனிதர்கள் கணக்கிடப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பு. அந்த மீதியையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அவர்களில் ஒருவரிடமும் யாரும் விருப்பம் கேட்டுவிட்டு இந்த எண்களைப் போடவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் தாங்கள் பார்த்திராத நாட்டுக்குத் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. அங்கே மீண்டும் லயம், மீண்டும் கொழுந்துக்கூடை. இலங்கையிலிருந்து வந்ததால் 'சிலோன்காரர்' என்ற பெயர். இலங்கையில் தங்கியோருக்கு 1980களில் சில சட்டங்கள் வந்தன. எஞ்சியோருக்கும் வழிவிட்டு நாடற்றவர் நிலையை இலங்கை சட்டத்தால் முடித்தது 2003இல்தான். 1948இலிருந்து 55 ஆண்டுகள்.

இப்போது நாட்காட்டியை முழுதாகப் பார்க்கிறேன். கொடி 1951இல் முடிவாயிற்று. பாட்டு 1951இல் முடிவாயிற்று. அந்தக் கொடியின் கீழ் நின்று அந்தப் பாட்டைப் பாடும் உரிமை யாருக்கு என்பது மட்டும் 1948 ஆகஸ்டிலேயே முடிவாகிவிட்டது. துணிக்கும் மெட்டுக்கும் கொடுத்த அவகாசத்தை அந்த நாடு ஏழு லட்சம் மனிதருக்குக் கொடுக்கவில்லை. சுதந்திர இலங்கையின் முதல் ஆண்டைப் பற்றி ஏடுகள் எனக்குச் சொல்லும் தீர்ப்பு இதுதான்.

விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் ஜூலை 31ஐ எழுதுகிறார்கள். அரசியல் வரலாறு எழுதுபவர்கள் ஆகஸ்ட் 20ஐ எழுதுகிறார்கள். இசை வரலாறு எழுதுபவர்கள் பிப்ரவரி 4ஐ எழுதுகிறார்கள். தனித்தனியே படித்தால் மூன்றும் சரி. சேர்த்துப் படித்தால்தான் ஒரு நாடு எதில் பொறுமை காட்டியது, எதில் அவசரப்பட்டது என்பது தெரிகிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நாடாளுமன்றத்தின் பக்கத்தை அரசு காப்பகங்கள் பாதுகாக்கின்றன. சட்டத்தின் மறுபக்கத்தில் நின்றவர்களின் காகிதங்களுக்கு அத்தகைய காப்பகம் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. மீதமிருப்பதையாவது காக்க வேண்டும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ அட்டனிலோ நுவரெலியாவிலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் பெயரில் ஒரு பிரஜாவுரிமை விண்ணப்பம், நிராகரிப்புக் கடிதம், தோட்டத்துச் சம்பளத் துண்டு, பழைய கடவுச்சீட்டு, கப்பல் பயணச்சீட்டு ஏதாவது இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்னால் எழுதுங்கள். இலங்கையில் நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகத்திடமோ சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ பேசுங்கள். 1948இல் அந்த மனிதர்களிடம் கேட்கப்பட்டது காகிதம். அந்தக் காகிதங்களை இன்று வரலாற்றின் முன் வைப்பது நம் கடமை.